கடிக்கும் வரை வீட்டு நாய்

கொச்சங்காடிச் சந்துகளில் எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் சுவரோரம் ஒதுங்கியாக வேண்டும். 1344-இல் யூதர்கள் தொழுகைக்கூடம் கட்டிய பழைய பேட்டை இது. கூடம் போய்விட்டது, அதன் கல்வெட்டு மட்டும் மட்டாஞ்சேரி பரதேசி யூதப் பள்ளியின் சுவரில் மிஞ்சியிருக்கிறது. மனிதனுக்கே இடமில்லாத இந்தச் சந்தில் நாய் குறுக்கே வந்தால் எங்கே ஒதுங்குவது?

ஒரு விடியற்காலை, பால் வாங்கப் போனபோது பழுப்பு நிற நாய் ஒன்று வழிமறித்தது. கழுத்தில் பட்டை இல்லை. வாசலில் நின்றவர் சிரித்தபடி, "பேடிக்கண்டா, அவன் ஒந்நும் செய்யில்லா" என்றார். செய்துவிட்டது. கெண்டைக்காலில் இரண்டு பல். அதற்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று மறுநாள் கேட்கப் போனால், அதே மனிதர் முகம் மாறாமல், "அது தெருவுநாயல்லே சேட்டா?" என்கிறார்!

கேரளத்தில் நாய்க்கடி என்றாலே பேச்சு தெருநாயில் போய் நிற்கிறது. கடிபட்டவர்களின் நஷ்டஈட்டு மனுக்களை விசாரிக்க 2016-இல் உச்ச நீதிமன்றம் நீதிபதி சிரிஜகன் குழுவை அமைத்ததும் தெருநாய்களால்தான். பகலில் வீட்டுச் சோறு, இரவில் தெருச் சண்டை என்று திரியும் நாய் இந்தக் கணக்குகளில் வருவதில்லை. வெறிநோய் பிடித்த தெருநாயிடம் கடிபட்டு, அது மறுபடி திரும்புவது குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குத்தான்.

உரிமையாளர் கைகழுவினால் நஷ்டம் பணம் மட்டுமல்ல. கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிப்பது மருத்துவ வழக்கம். அதற்குள் அது சாகாமல், நோய்க்குறி இல்லாமல் இருந்தால், கடித்தபோது அதன் எச்சிலில் வெறிநோய்க் கிருமி இருக்கவில்லை என்று நிம்மதி அடையலாம். சொந்தக்காரர் இல்லாத நாயை யார் கட்டிவைத்துப் பார்ப்பது? கிருமி நரம்பு வழியே மூளைக்கு ஏறி அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. குழந்தைகளுக்குக் கடி முகத்திலும் தலையிலும் விழுவதால் அந்தத் தூரமும் குறைவு. கடிபட்டதும் 15 நிமிடம் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பத்து நாள் முடியட்டும் என்று ஊசிக்குக் காத்திருப்பது விபரீதம்.

சட்டத்தில் குழப்பமில்லை. வளர்ப்புப் பிராணியால் பிறருக்கு ஆபத்து நேராமல் பார்த்துக்கொள்ளத் தவறுவது, இந்திய தண்டனைச் சட்டத்தின் 289-ஆம் பிரிவிலேயே குற்றம்தான். 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு. ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் 2024 மே 5 அன்று, கட்டாமல் விடப்பட்ட இரண்டு ராட்வீலர்கள் ஐந்து வயதுச் சிறுமியின் தலையைக் குதறின. பூங்காக் காவலாளியின் மகள். உரிமையாளர் கைதானார். ராட்வீலரைத் தெருநாய் என்று சொல்லித் தப்ப முடியாது. கொச்சங்காடியின் பழுப்பு நாட்டு நாய்க்கு அந்தச் சௌகரியம் உண்டு.

ஊசிகளுக்கு நடுவே பத்து நாளும் நானே அந்த வாசல் வரை போய், நாய் உயிரோடு இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். இருந்தது. நன்றாகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தது, அந்த வீட்டுத் தட்டில்.