கோபால்ட்டின் ஒற்றை எலெக்ட்ரான்

டெல்லி புசா ரோட்டுக்குப் பெயர் தந்தது அங்குள்ள வேளாண் ஆராய்ச்சி நிறுவனம். 1905-இல் பீகாரின் புசா என்ற ஊரில் தொடங்கி, 1934 நிலநடுக்கத்தில் கட்டடம் சிதைந்தபின் 1936-இல் தலைநகருக்கு இடம் மாறிய நிறுவனம் அது. பக்கத்திலேயே தேசிய இயற்பியல் ஆய்வகம். அதன் முதல் இயக்குநர், வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன், படிகங்களின் காந்தப் பண்புகளை டாக்காவிலும் கல்கத்தாவிலும் நுட்பமாக அளந்து பெயர் பெற்றவர். வேளாண் நிறுவனத்தில் பி.என். திவாரி குழுவினர் விதையை உடைக்காமலே அதிலுள்ள எண்ணெயை அணுக்கருக் காந்த ஒத்திசைவால் அளக்கும் முறையை 1974-இல் வெளியிட்டார்கள். எண்ணெய் அளந்த விதையையே விதைக்கவும் செய்யலாம் என்பதால் பயிர் வளர்ப்பாளருக்கு அது பெரிய உதவி. காந்தத்தின் துணையால் உடைக்காமல் உள்ளே பார்க்கும் இந்த வழி, நம் உடலில் வைட்டமின்கள் செய்யும் வேலையை அறியவும் அவசியம் என்பதே என் வாதம். பொருளின் வடிவம் தெரிந்தால் போதும், வேலை தானே விளங்கிவிடும் என்ற நம்பிக்கை வைட்டமின் விஷயத்தில் பலிப்பதில்லை.

வைட்டமின் பி12-ஐயே எடுத்துக்கொள்வோம். 1948-இல் பிரித்தெடுத்தார்கள், அதன் வடிவத்தை டோரதி ஹாட்ஜ்கின் எக்ஸ்-கதிர்களால் கண்டறிந்து 1956-இல் அறிவித்தார். நடுவில் ஒரு கோபால்ட் அணு. உடலில் செயல்படும் ஒரு வடிவத்தில் அந்தக் கோபால்ட்டோடு ஒரு கார்பன் நேரடியாகப் பிணைந்திருக்கிறது. மனித உடலில் பி12-ஐ நம்பி இருக்கும் நொதிகள் இரண்டே இரண்டு. அவற்றில் ஒன்றான மெத்தில்மலோனைல்-கோஏ மியூட்டேஸ், இந்தக் கோபால்ட்-கார்பன் பிணைப்பை உடைத்தே வேலையைத் தொடங்குகிறது. நொதியின் துணை இல்லாமல் உடைவதைவிட ஏறத்தாழ லட்சம் கோடி மடங்கு வேகத்தில் அது உடைகிறது. பிணைப்பிலிருந்த இரண்டு எலெக்ட்ரான்களும் ஆளுக்கொன்றாகப் பிரிந்து, கோபால்ட்டில் ஒன்று தனித்து நிற்கிறது. எந்த அணு எங்கே இருக்கிறது என்று காட்டும் படத்தில் இந்தத் தனி எலெக்ட்ரான் தென்படாது.

அதைக் காட்டுவது எலெக்ட்ரான் பாராகாந்த ஒத்திசைவு, சுருக்கமாக இபிஆர். 1944-இல் கசான் நகரில் சவோய்ஸ்கி கண்டுபிடித்த முறை இது. நொதிக் கரைசலை மெல்லிய குவார்ட்ஸ் குழாயில் உறையவைத்து, காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவில் வைத்து, நுண்ணலையைச் செலுத்துகிறார்கள். காந்தப்புலத்தை மெல்ல ஏற்றிக்கொண்டே போனால், குறிப்பிட்ட புலங்களில் தனி எலெக்ட்ரான் நுண்ணலையை உறிஞ்சும். பக்கத்திலுள்ள கோபால்ட் அணுக்கருவும் ஒரு காந்தம்தான். உறிஞ்சலைக் காட்டும் கோட்டை அது எட்டாகப் பிரிக்கிறது. கோபால்ட்டின் அடிப்பக்கத்தில் ஒரு நைட்ரஜன் பிணைந்திருந்தால் எட்டில் ஒவ்வொன்றும் மூன்றாகப் பிளக்கும். அந்த நைட்ரஜன் யாருடையது, வைட்டமினில் வால்போல் தொங்கும் அதன் சொந்தப் பகுதியினுடையதா, நொதிப் புரதத்தினுடையதா? ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தில் நைட்ரஜன்-15 ஐசோடோப்பை ஏற்றி நொதியைத் தயாரித்தால் விடை தெரிந்துவிடும்: நைட்ரஜன் புரதத்தினுடையது என்றால் மூன்று கோடுகள் இரண்டாகிவிடும். ஜெர்மனியில் வுல்ஃப்கேங் புக்கெல் குழு 1995-இல் குளூட்டமேட் மியூட்டேஸ் என்ற பாக்டீரிய நொதியில் இதைச் செய்து, அடியில் இருப்பது ஹிஸ்டிடினே என்று காட்டியது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் படித்து அமெரிக்கா சென்ற ரூமா பானர்ஜியின் குழுவும் அதே ஆண்டில் மெத்தில்மலோனைல்-கோஏ மியூட்டேஸ் பற்றி அதே முடிவுக்கு வந்தது. நொதிக்குள் நுழைந்ததும் வைட்டமின் தன் வாலை விடுவித்துக்கொண்டு புரதத்தின் கையைப் பிடித்துக்கொள்கிறது. எனக்கு இது இந்தத் துறையின் மிக அழகான சோதனைகளில் ஒன்று.

எக்ஸ்-கதிர்ப் படமும் ஹிஸ்டிடினைக் காட்டுகிறதே, காந்தம் எதற்கு என்று கேட்கலாம். பி12 படிகங்களின் மேல் படும் எக்ஸ்-கதிர் கோபால்ட்டின் எலெக்ட்ரான் நிலையையே மாற்றிவிடக்கூடும். அதனால் படம் காட்டும் நிலைதான் வேலையின்போது இருந்த நிலை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இன்னொரு ஆட்சேபம் கனமானது: உறைந்த கரைசலில் தெரிவது வேலையின் ஒரு கட்டமா, வேலை கெட்டபின் மிஞ்சிய கழிவா? இதற்கு இபிஆர் மட்டும் பதில் சொல்லாது. பானர்ஜி குழு 1997-இல், ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வடிவமான டியூட்டீரியம் ஏற்றிய மூலப்பொருளை நொதிக்குக் கொடுத்து, பிணைப்பு உடையும்போது நேரும் வண்ணமாற்றத்தை நொடிக்கும் குறைவான நேரத்தில் பின்தொடர்ந்தது. கோபால்ட் பிணைப்பு உடைவதே மந்தமாயிற்று. உடைவதும் மூலப்பொருளிலிருந்து ஹைட்ரஜனைப் பறிப்பதும் ஒன்றோடொன்று இணைந்த செயல் என்று அதிலிருந்து தெரிந்தது. ஆக, இபிஆரில் காணும் தனி எலெக்ட்ரானும் வேலையின் பாதையிலேயே பிறக்கிறது. முறைக்கு எல்லையும் உண்டு. மற்ற நொதியான மெத்தியோனின் சின்தேஸில் வேலை நடக்கும் நிலைகளில் கோபால்ட்டுக்குத் தனி எலெக்ட்ரானே கிடையாது. இபிஆர் அங்கே மௌனம். அந்த நொதி வழிதவறிச் செயலிழக்கும்போதுதான் கோடுகள் எழுகின்றன.

நோயாளிக்கு இதனால் என்ன என்பது நியாயமான கேள்வி. மெத்தில்மலோனிக் அமிலம் ரத்தத்தில் பெருகும் பிறவிக் குறைபாட்டில் சில குழந்தைகளுக்கு பி12 ஊசி நன்றாகப் பலன் தரும், சிலருக்குத் தராது. நொதியே பழுதா, வைட்டமினைத் தயாரித்து அதன் கையில் ஒப்படைக்கும் துணைப் புரதம் பழுதா என்பதைப் பொறுத்தது அது. ஒப்படைக்கும் புரதத்தில் கோபால்ட்டின் அடிப்பக்க நைட்ரஜன் விலகியிருக்கும்போது மும்மைப் பிளவு மறைகிறது; நொதியில் ஹிஸ்டிடின் வந்து சேர்ந்ததும் திரும்புகிறது. ஆகவே மரபணு மாற்றம் எந்தக் கைமாற்றத்தில் தடங்கல் செய்கிறது என்பதை, சோதனைக்குழாயில் அந்தப் புரதங்களைச் சேர்த்துக் கோடுகளை எண்ணியே தேடலாம்.