கதை வராத வாரத்தில் என்ன எழுதுவது?

கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு விசித்திரமான சங்கடம் உண்டு. பத்திரிகை ஆசிரியர் ஒரு சிறுகதை கேட்டால், எப்படியோ எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால், "வாரம் ஒரு பக்கம், எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டாலோ, வந்தது ஆபத்து! ராஜகுமாரியையும் ராட்சசனையும் படைத்த அதே பேனா, "எதைப் பற்றி?" என்ற கேள்வியின் முன்னால் மை உலர்ந்து நிற்கும்.

வீட்டிலிருந்தபடியே கதை எழுதும் சகோதரிகளுக்கு இந்தக் கவலை இரட்டிப்பு. "பொழுது விடிந்தால் அடுப்பு, பொழுது சாய்ந்தால் பாத்திரம். இதில் ஊருக்குச் சொல்ல என்ன இருக்கிறது?" என்று பெருமூச்சு விடுவார்கள்.

இந்தப் பெருமூச்சுக்கு நல்ல பதில் ஒன்று இங்கிலாந்தில் கிடைக்கிறது.

குன்றின் மேல் ஒரு மனிதர்

ஜி. கே. செஸ்டர்டன் என்ற ஆங்கில எழுத்தாளரைத் துப்பறியும் கதைப் பிரியர்கள் அறிவார்கள். ஃபாதர் பிரவுன் என்ற பாதிரியாரைத் துப்பறிய வைத்தவர் அவர்தான். கதைகள் ஒரு புறம் இருக்க, 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' பத்திரிகையில் 1905 முதல் 1936-ல் காலமாகும் வரை வாரக் கட்டுரையும் எழுதி வந்தார். முப்பது வருஷத்துக்கு மேல்! இத்தனைக்கும் விஷயம் எங்கிருந்து வந்தது?

1909-ல் வெளியான அவருடைய கட்டுரைத் தொகுதியில் ஒரு சம்பவம் வருகிறது. விடுமுறைக்குப் போன இடத்தில் படம் வரைய ஆசை. பழுப்புக் காகிதமும் வர்ண சாக்கட்டிகளும் எடுத்துக்கொண்டு ஸஸெக்ஸ் குன்றுகளில் ஏறி உட்கார்ந்தார். பார்த்தால், முக்கியமான வெள்ளைக் கட்டியை மறந்துவிட்டு வந்திருக்கிறார். அக்கம் பக்கத்தில் கடை கண்ணி கிடையாது. தவித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று எழுந்து விழுந்து விழுந்து சிரித்தார். ஏன் தெரியுமா? அந்தப் பிரதேசத்துக் குன்றுகளே சீமைச் சுண்ணாம்பால் ஆனவை! உட்கார்ந்திருந்த பாறையில் ஒரு துண்டை உடைத்து எடுத்துக்கொண்டார். வேலை முடிந்தது.

வேறொரு சமயம் ரயிலில் படிக்க ஒன்றுமில்லை. சட்டைப் பையைத் துழாவினார். டிராம் டிக்கெட்டு, பேனாக்கத்தி, தீப்பெட்டி என்று வரிசையாக வந்தன. அதுவே ஒரு கட்டுரையாயிற்று.

விஷயத்தைத் தேடி அலைகிறவர்களில் பாதிப் பேர் விஷயத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

இரண்டு அவுன்ஸ் தேயிலை

'விலங்குப் பண்ணை' நாவலை ஜார்ஜ் ஆர்வெல் வெளியிட்டது 1945 ஆகஸ்டில். உலகமே அதைப் பற்றிப் பேசத் தொடங்கிய சமயம், 1946 ஜனவரியில், லண்டன் மாலைப் பத்திரிகை ஒன்றில் அவர் எழுதியது என்ன? நல்ல தேநீர் போடுவது எப்படி என்று! மொத்தம் 11 விதிகள். இந்தியத் தேயிலை அல்லது இலங்கைத் தேயிலைதான் வேண்டும் என்பது முதல் விதி. முதலில் டீயை ஊற்றி அப்புறம்தான் பால் சேர்க்க வேண்டும் என்பது இன்னொன்று.

இதிலே என்ன பிரமாதம் என்கிறீர்களா? யுத்தம் முடிந்தும் இங்கிலாந்தில் ரேஷன் முடியவில்லை. ஆளுக்கு வாரத்துக்கு 2 அவுன்ஸ் தேயிலை, அதாவது சுமார் 57 கிராம். அதை வீணாக்காமல் எத்தனை நல்ல கோப்பை தேறும் என்பது ஒவ்வொரு இல்லத்தரசியின் கவலை. சின்ன விஷயத்துக்குப் பின்னால் பெரிய கஷ்டம் ஒன்று நின்றது. அதனால்தான் அந்தக் கட்டுரையை இன்றும் படிக்கிறார்கள்.

நம் வீட்டுக் காப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் டிகாக்ஷன் யாருக்கு, இரண்டாவது டிகாக்ஷன் யாருக்கு, எல்லாரும் குடித்த பிறகு ஆறிப்போனதைக் குடிப்பது யார்? ஒரு பக்கம் போதுமா என்று பாருங்கள்!

கதையில் மிஞ்சியது

நம் எழுத்தாளர்களும் சளைத்தவர்கள் அல்ல. ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' நாவலுக்காகத் தூத்துக்குடி உப்பளங்களுக்கே போய்த் தொழிலாளர்களைக் கண்டு பேசினார். நாவல் 1979-ல் வந்தது. இப்படித் திரட்டியதெல்லாம் கதைக்குள் அடங்கிவிடுமா? பாத்தியில் நீர் வற்றி உப்பு பூக்கும் விதம், வெயிலில் அந்த வெண்மை கண்ணைக் கூச வைப்பது, உப்பு நீரில் நிற்கும் கால்கள் படும் பாடு என்று ஒவ்வொன்றும் தனிக் கட்டுரைக்குத் தாங்கும். கதைக்காகப் பத்துப் பேரிடம் விசாரித்தால், ஒன்பது பேர் சொன்னது குறிப்புப் புத்தகத்திலேயே தங்கிவிடும். அதுதான் மூலதனம்.

ரசனையும் கைகொடுக்கும். கல்கி 'கர்நாடகம்' என்ற பெயரில் சங்கீத, நாட்டிய விமரிசனம் எழுதியதைச் சொல்லவேண்டுமா? உத்தியோகமும் உதவும். பெங்களூரில் என்ஜினீயராக இருந்த சுஜாதா, வாசகர்களின் விஞ்ஞானக் கேள்விகளுக்குப் பதில் சொல்லியே ஒரு பெரிய கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டார். 'கணையாழி'யின் கடைசிப் பக்கமும் வெகு காலம் அவர் கையில் இருந்தது.

திரை இல்லாத மேடை

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். கதையில் நாத்தனாரைப் பற்றி எழுதினால், பெயரை மாற்றி, மயிலாப்பூரை மன்னார்குடியாக்கி, மூக்குத்தியைக் கழற்றிவிடலாம். அந்த நாத்தனாரே படித்துவிட்டு, "பாவம், யாரோ!" என்பாள். கட்டுரையில் அந்தத் திரை கிடையாது. சொந்தப் பெயரில் "என் நாத்தனார்" என்று எழுதினால் உலகத்தில் ஒரே ஒருத்திதான். அச்சானதைத் திருப்பி எடுக்க முடியாது. ஒரு வார ஸ்வாரஸ்யத்துக்காக ஒரு ஜன்ம உறவை இழக்கலாமா? சாக்கட்டி, தேநீர், உப்பு, சங்கீதம் என்று மேலே சொன்னவற்றைக் கவனியுங்கள். எதுவும் யாருடைய அந்தரங்கத்தையும் சந்திக்கு இழுப்பதில்லை.

இன்னொரு பயமும் எழுத்தாளர்களுக்கு உண்டு: கட்டுரையிலே செலவழித்துவிட்டால் கதைக்கு என்ன மிச்சம்? அதற்கு ஒரு சுலபமான பரீட்சை இருக்கிறது. மனதில் வந்த விஷயம், "அப்புறம் என்ன நடந்தது?" என்று கேட்கத் தூண்டினால் அது கதை, பூட்டி வையுங்கள். "ஏன் இப்படி?" என்று கேட்கத் தூண்டினால் அது கட்டுரை, தாராளமாகச் செலவழியுங்கள்.

அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிறு நோட்டும் பென்சிலும் இருக்கட்டும். கடுகு வெடிப்பதற்குள் ஒரு வரி எழுதிவிடலாம். வாரத்துக்கு ஏழு வரி சேர்ந்தால், அதில் ஒன்றாவது ஒரு பக்கத்துக்குத் தேறாமலா போகும்?