கமடோர் 64: அஞ்சலும் அச்சும்

1982இல் வெளிவந்த கமடோர் 64 வீட்டுக் கணினியின் நினைவகம் 64 கிலோபைட்தான். 1985இல் தொடங்கிய குவாண்டம் லிங்க் சேவை வழியே அமெரிக்கர்கள் அதிலிருந்து மின்னஞ்சல் அனுப்பினார்கள். தொலைபேசி இணைப்பில் மோடம் நொடிக்கு 300 பிட் வேகத்தில் இயங்கியபோது, திரையில் 40 எழுத்து கொண்ட ஒரு வரி நிரம்பவே ஒரு நொடிக்கு மேலாகும்.

லேசர் அச்சு இன்னும் வியப்பானது. இக்கணினியில் இயங்கிய ஜியோஸ் மென்பொருள் பக்கத்தைப் புள்ளி புள்ளியாக அனுப்பாமல், எந்த எழுத்து, எந்த இடம், என்ன அளவு என்று போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியில் கட்டளையாக ஆப்பிள் லேசர்ரைட்டருக்கு அனுப்பியது. பக்கத்தை வரைந்ததெல்லாம் அச்சுப்பொறியே. அதன் நினைவகம் 1.5 மெகாபைட், கணினியினுடையதைப் போல் 24 மடங்கு.

இன்றைய மின்னஞ்சலின் மறையாக்கக் கணக்குகள் இக்கணினிக்குப் பெரும்பாரம். ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினியை இடையில் வைத்தால் அந்த வேலையை அது பார்த்துக்கொள்ளும்.