உங்களுக்குத் தெரியுமா? பயிற்சிக்கு முன்னால் வேலை!

கடுமையான மனநோய் உள்ளவர் முதலில் குணமாக வேண்டும், பிறகு பயிற்சி, அதன் பிறகே வேலை என்பது பழைய முறை. 1990களில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் ஆகியோர் இந்த வரிசையைத் தலைகீழாக்கினார்கள். விரும்புகிறவருக்குச் சாதாரணச் சம்பள வேலையை உடனே தேடிக்கொடுப்பார்கள். சேர்ந்த பிறகும் வேலை ஆலோசகரும் சிகிச்சைக் குழுவும் துணை நிற்பார்கள். லண்டன், சோபியா உட்பட ஆறு ஐரோப்பிய நகரங்களில் 312 பேரிடம் இது சோதிக்கப்பட்டது. 2007இல் 'லான்செட்' இதழில் வெளியான முடிவின்படி, புதிய முறையில் 55 சதவீதத்தினரும் பழைய முறையில் 28 சதவீதத்தினரும் ஒரு நாளாவது வேலைக்குப் போயிருந்தார்கள்.

வேலை நெருக்கடி நோயைக் கிளறிவிடாதா என்று குடும்பத்தார் அஞ்சுவது இயல்பு. ஆனால் மீண்டும் மருத்துவமனையில் சேர நேர்ந்தவர்கள் புதிய முறையில் 20 சதவீதம், பழைய முறையில் 31 சதவீதம். 'ஒரு நாளாவது' என்பது ஓர் அளவுகோலா என்று கேட்டால், கேள்வி நியாயமானதே. அதனால்தான் வேலை கிடைத்ததும் உதவி நின்றுவிடக் கூடாது. முதலாளிக்குச் செலவாகுமே என்பார்கள். மருந்தின் மயக்கம் தெளியச் சற்றுத் தாமதமாக வர அனுமதிப்பதற்கும், செய்ய வேண்டியதை எழுதிக்கொடுப்பதற்கும் பெரும்பணம் தேவையில்லை. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் மனநோயும் உண்டு. பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளியாகும் அரசு ஊழியரை நீக்காமல், அதே சம்பள விகிதத்தில் வேறு பணிக்கு மாற்றச் சொல்கிறது அதன் 20ஆவது பிரிவு. தனியார் ஊழியருக்கும் இந்தக் காப்பு கிடைக்க வேண்டும்.