திருத்திய வண்டியின் விலை

ஒரு மோட்டார் வண்டியைத் திருத்துவதனால் அதன் விலை குறையுமென்று கூறினால், அதனை நம்புவோர் நம்மிடையே மிகச் சிலராகவே இருப்பர். பழைய எஞ்சினை நீக்கிப் புதியதைப் பூட்டினால் வண்டி நன்றாக ஓடும். நன்றாக ஓடும் வண்டிக்கு நல்ல விலை கிடைக்கும். இதுவன்றோ நாம் கண்ட வழக்கு? நமது நாட்டு வீதிகளிலே இன்றும் ஓடுகின்ற மொறிஸ் மைனர் வண்டிகள் சிலவற்றின் உள்ளே யப்பானிய எஞ்சின் இருந்து உழைக்கின்றது. அதனைக் குறையென்று ஒருவரும் சொல்லார். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கோவிலுக்கும் சந்தைக்கும் போய்வருவது அவ்வண்டியின் கடமை. அக்கடமையை அது செவ்வனே செய்கின்றது.

ஆனால், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பழைய ஸ்போட்ஸ் கார்களைச் சேகரித்து வைப்போரின் சந்தைக்குச் சென்றால் இவ்வழக்குத் தலைகீழாகிவிடும். உடையவர் பெரும்பொருள் செலவிட்டுச் செய்த திருத்தமே வண்டியின் விலையை வெகுவாகக் குறைத்துவிடுவது அங்கே உண்டு. பழுதென்று கழற்றி மூலையில் எறியப்பட்ட பகுதியைத் தேடி எடுத்து மீளப் பூட்டியவுடன் விலை ஏறுவதும் உண்டு. இதற்குக் காரணம் யாது? எல்லா மாற்றங்களும் ஒரே வகையாகத்தான் மதிப்பைக் குறைக்கின்றனவா? இவற்றையே இப்பேச்சில் ஆராய விரும்புகின்றேன்.

சேகரிப்போர் விலை கொடுத்து வாங்குவது வேகத்தையன்று. 1961ஆம் ஆண்டில் ஜெனீவாக் கண்காட்சியிலே ஜாகுவார் ஈ-ரைப் வண்டி முதன்முதலாகத் தோன்றியபோது, மணிக்கு 150 மைல் வேகம் என்பது பெரும் புதுமையாகப் பேசப்பட்டது. இன்று அவ்வேகத்தை விரும்புவோர் அறுபது ஆண்டுப் பழமையுடைய வண்டியைத் தேடி அலைய வேண்டியதில்லை. கடையில் புதிதாக வாங்கிக்கொள்ளலாம். சேகரிப்போர் நாடுவது ஒரு சாட்சியத்தை. இன்ன ஆண்டில், இன்ன தொழிற்சாலையில், இன்னவாறு இவ்வண்டி ஆக்கப்பட்டது என்பதற்கு அவ்வண்டியே சாட்சியாக நிற்றல் வேண்டும் என்பது அவர்தம் எதிர்பார்ப்பு. ஆகவே, காணி வாங்குவோர் உறுதியைப் புரட்டிப் பார்ப்பதுபோல, இவர்கள் முதலிற் பார்ப்பது உலோகத்தில் பொறிக்கப்பட்ட இலக்கங்களையே. ஈ-ரைப் வண்டியில் அடிச்சட்டம், எஞ்சின், உடற்பகுதி, கியர்ப் பெட்டி ஆகிய நான்கிற்கும் தனித்தனி இலக்கம் உண்டு. அவற்றை ஒருங்கே காட்டும் தகடொன்றும் உண்டு. தகட்டிலும் தொழிற்சாலைப் பதிவேட்டிலும் உள்ள இலக்கங்கள் பொருளில் உள்ள இலக்கங்களோடு ஒத்திருந்தால், அதற்கென்றே விலை கூடும். அதே வகையைச் சேர்ந்த, அதனினும் நன்றாக ஓடுகின்ற வேறோர் எஞ்சினைப் பூட்டியிருந்தாலும் விலை இறங்கும். இது வெறும் எண் மயக்கம் என்று சிரிப்பாரும் உளர். உறுதி இல்லாத காணியில் வீடு கட்டிப் பார்த்தவர்கள் அவ்வளவு எளிதிற் சிரிக்க மாட்டார்கள்.

மாற்றம் மதிப்பை எவ்வாறு தாக்குகின்றது என்பதற்குப் பெராரி நிறுவனத்தின் 365 ஜீ.ரீ.பி. 4 என்னும் வண்டியின் கதை நல்ல எடுத்துக்காட்டாகும். டேட்டோனா என்று உலகம் அழைக்கும் இவ்வண்டி 1968ஆம் ஆண்டில் பாரிஸ் கண்காட்சியில் வெளிவந்தது. நீண்ட முன்பகுதியும், பின்னோக்கித் தாழ்ந்து செல்லும் மூடிய கூரையும் உடையது. இவ்வாறு கூரையுடன் செய்யப்பட்டவை 1,200க்கு மேற்பட்டன. கூரையை மடித்துத் திறக்கத்தக்கனவாகத் தொழிற்சாலை செய்து விற்றவையோ 122 மாத்திரமே. திறந்த வண்டிக்குக் கிராக்கி மிகுந்தது. வண்டிகளோ மிகச் சில. என்ன நடந்திருக்கும் என்பதை நேயர்கள் ஊகித்திருப்பீர்கள். 1970களிலும் 1980களிலும் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இருந்த சில பட்டறைகள், மூடிய டேட்டோனாக்களை வாங்கி அவற்றின் கூரையை அரிந்தெறிந்து, திறந்த வண்டிகளாக மாற்றி விற்கத் தொடங்கின. அவ்வேலையிற் பல மிகத் திறமையாகவே செய்யப்பட்டன. வாங்கியவர்களும் ஏமாற்றப்பட்டவர்கள் என்று கூறமுடியாது. பலர் அறிந்தே வாங்கினார்கள். திறந்த வண்டியில் வெயிலும் காற்றும் முகத்திற் படச் செல்லும் இன்பம் அவர்களுக்குப் போதுமானதாயிருந்தது.

இங்கே கூரையின் தொழிலைச் சிறிது விளக்குதல் வேண்டும். கூரை மழையைத் தடுப்பதற்காக மாத்திரம் அமைந்ததன்று. முன்கண்ணாடிச் சட்டத்தையும் பின்பகுதியையும் இணைத்து, வண்டியின் உடலை முறுகவிடாமற் பிடித்து நிற்பதும் அதுவே. அதனை நீக்கினால், கீழே புதிய இரும்பை ஒட்டி வலுவூட்டாவிட்டால், மேடுபள்ளங்களில் உடல் நெகிழும். கதவுகள் சரியாகப் பொருந்தா. எனவே வெட்டியவர்கள் மேலே குறைத்ததோடு நில்லாது கீழே கூட்டியும் விட்டார்கள். பின்னர்க் காலம் மாறியது. தொழிற்சாலையில் திறந்தனவாகவே பிறந்த வண்டிகள் எவ்விலக்கங்களை உடையன என்பதை ஆராய்ச்சியாளர் நன்கு தெளிந்தனர். அன்று முதல் வெட்டப்பட்ட வண்டி அங்குமில்லாமல் இங்குமில்லாமல் நின்றது. உண்மையான திறந்த வண்டியின் விலையை அது ஒருநாளும் அணுகியதில்லை. மீண்டும் கூரையை ஒட்டினாலும் அது முன்பிருந்த கூரையாகாது. தொழிற்சாலை செய்த வடிவிலே ஒரு டேட்டோனா என்றைக்குமாகக் குறைந்துவிட்டது; நட்டம் உடையவருக்கு மாத்திரமன்று.

இதனை ஈ-ரைப் வண்டியில் வழக்கமாகச் செய்யப்படும் மாற்றமொன்றுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். 3.8 லீற்றர் எஞ்சினுடைய முற்பட்ட ஈ-ரைப் வண்டிகளின் கியர்ப் பெட்டி நான்கு கியர்களை உடையது. முதற் கியரைப் போடுவதற்குப் பொறுமை வேண்டும். 1964இல் 4.2 லீற்றர் எஞ்சினுடன் வந்த பெட்டி இக்குறையை நீக்கியது. பழைய பெட்டியோடு மல்லாட விரும்பாத உடையவர் சிலர், ஐந்து கியர்களுடைய இக்காலப் பெட்டியொன்றைப் பூட்டிக்கொள்கின்றனர். பழைய பெட்டியைத் துணியிற் சுற்றி எண்ணெய் பூசிப் பத்திரப்படுத்தி வைத்து, விற்கும்போது வண்டியோடு ஒப்படைப்பாராயின் விலையிற் பெருங் குறைவு நேர்வதில்லை. ரயர், மின்பொறி உண்டாக்கும் உறுப்புகள், மின்பிறப்பாக்கி ஆகியனவும் இவ்வாறே. திருகாணியைக் கழற்றி ஒரு சனிக்கிழமையில் மீளப் பூட்டத்தக்க மாற்றத்தைச் சந்தை பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். வாளெடுத்து அரிந்த மாற்றத்தை எளிதிற் பொறுக்காது. சக்கரத்தை அகலமாக்குவதற்காக மட்காட்டை வெட்டியவர்களும், வானொலிப் பெட்டி பொருத்துவதற்காக முன்பலகையில் துளையிட்டவர்களும் இந்த இரண்டாம் வகுப்பைச் சேர்ந்தவர்களே. துளை சிறிதுதான், எனினும் அதனை அடைத்த தழும்பைத் தேர்ந்த கண் கண்டுகொள்ளும்.

வேறொரு வினாவும் உண்டு. மாற்றத்தைச் செய்த கை யாருடையது? எப்பொழுது செய்தது? ஒஸ்ரின் ஹீலி 100 என்னும் ஆங்கிலேய வண்டியிலே இதனை மிகத் தெளிவாகக் காணலாம். 1953ஆம் ஆண்டு பிரான்சிலே லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓடிய ஹீலி வண்டிகளின் அனுபவத்திலிருந்து, பெரிய காபரேற்றர்கள் முதலான உறுப்புகள் கொண்ட ஒரு தொகுதியை ஆக்கி, எவரும் வாங்கித் தம் வண்டியிற் பூட்டிக்கொள்ளலாம் என்று நிறுவனத்தார் விற்றனர். பின்னர் 1955, 1956ஆம் ஆண்டுகளில், இம்மாற்றங்களோடு காற்றுத் துவாரங்கள் வெட்டிய பொனட்டும் அதனைக் கட்டும் தோல்வாரும் சேர்த்து, 100 எம் என்ற பெயரில் தாமே 640 வண்டிகளைச் செய்தனர். ஆகவே இன்று ஏலத்துக்கு வரும் மூன்று வண்டிகள் பார்வைக்கு ஒரே வடிவாய் இருக்கக்கூடும்: ஒன்று நிறுவனம் செய்தது, மற்றொன்று அக்காலத்திலேயே முகவர் பூட்டிக்கொடுத்தது, மூன்றாவது சென்ற ஆண்டு யாரோ பூட்டியது. உறுப்புகள் ஒன்றே, ஓட்டமும் ஒன்றே. ஆயினும் முதலாவதற்கே அதிக விலை. இரண்டாவதற்கு அக்காலப் பற்றுச்சீட்டு இருப்பின் நல்ல மரியாதை. மூன்றாவதற்கு ஒரு சாதாரண ஹீலியின் விலையோடு சிறிதளவு கூடக் கிடைத்தால் அதுவே பெரிது. அதனாலேயே பழைய உற்பத்திப் பதிவேடுகளைப் பாதுகாத்து, வண்டி எந்நிலையில் தொழிற்சாலையை விட்டு வெளியேறியது என்று சான்றிதழ் வழங்கும் நிலையங்கள் இங்கிலாந்திலே மதிக்கப்படுகின்றன.

பந்தய வண்டிகளைப் பற்றி என்ன சொல்வது? அவற்றை மாற்றாமல் ஓட்டியவர் எவரும் இலர். ஒவ்வொரு பந்தயத்துக்குப் பின்னும் ஏதோ ஒன்று உடையும். ஏதோ ஒன்று மாற்றப்படும். இவ்வினா 1990ஆம் ஆண்டில் இலண்டன் உயர் நீதிமன்றத்துக்கே சென்றது. வழக்குக்குப் பொருளான வண்டி பென்ற்லி நிறுவனத்தின் ஸ்பீட் சிக்ஸ் வகையைச் சேர்ந்தது. ‘பழைய இலக்கம் ஒன்று’ என்பது அதன் செல்லப்பெயர். 1929இல் வுல்ப் பார்னாட்டோவும் ரிம் பேர்க்கினும், 1930இல் அதே பார்னாட்டோவும் கிளென் கிட்ஸ்ரனும் அதனை ஓட்டி, லெ மான் பந்தயத்தில் இரு முறை தொடர்ந்து வெற்றி பெற்றனர். பின்னர் 8 லீற்றர் எஞ்சின் பூட்டப்பெற்று, 1932இல் புரூக்லண்ட்ஸ் களத்தில் 500 மைல் பந்தயத்தில் ஓடியது. அப்பந்தயத்திலே வண்டி சரிவோடையின் உச்சியைத் தாண்டி விழுந்து, அதனை ஓட்டிய கிளைவ் டன்பீ உயிரிழந்தார். பார்னாட்டோ எஞ்சியவற்றைக் கொண்டு அதனை மூடிய கூரையுடைய வீதி வண்டியாக அமைப்பித்தார்.

இவ்வண்டியை ஏறத்தாழ 1 கோடி பவுணுக்கு வாங்க ஒரு நிறுவனம் உடன்பட்டது. பின்னர், இது அந்த வண்டியே அன்று என்று கூறிப் பணம் கொடுக்க மறுத்தது. அவர்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. 1929இல் வென்ற வண்டியின் உறுப்புகளில் எஞ்சியிருந்தவை மிகச் சிலவே. நீதிபதி ஒற்றன் சொற்களைப் பிரித்து நோக்கினார். வென்ற நாளில் இருந்த அதே பொருள் என்ற கருத்தில் இதனை மூலவண்டி என்று அழைக்க இயலாது என்றார். ஆயினும் இது பிரதியுமன்று, புதிதாகக் கட்டிய போலியுமன்று என்றார். ஒவ்வொரு மாற்றமும் ஓடுகின்ற வண்டியொன்றின் வாழ்விலே இடையறாது நிகழ்ந்தது. அப்பெயருக்கு உரிமை கொண்டாட வேறொரு வண்டி உலகில் இல்லை. ஆகவே இதுவே உண்மையான ‘பழைய இலக்கம் ஒன்று’ என்று தீர்த்து, விற்றவர் சார்பிலே தீர்ப்பளித்தார். மரத்திலே இலையும் கிளையும் மாறினாலும் மரம் அதுவே என்று நாம் கூறுவதில்லையா? டேட்டோனாவின் கூரை அவ்வாறு உதிர்ந்ததன்று, விலைக்காக வெட்டப்பட்டது.

மாற்றம் என்றவுடன் கூட்டுதலையும் வெட்டுதலையுமே நாம் நினைக்கின்றோம். பழமையைத் துடைத்தெடுப்பதும் ஒரு மாற்றமே. புதுப்பிப்பதாகச் சொல்லிக்கொண்டு, தொழிற்சாலையிலும் காணாத பளபளப்பை வண்டிக்கு ஏற்றி, தேய்ந்த தோலிருக்கையை எறிந்து புதுத்தோல் தைத்துவிடுவோர் பலர். முன்னாளில் இதனைச் சந்தை பெரிதும் விரும்பியது. அண்மைக் காலத்திலே, கைபடாத வண்டிக்கு மதிப்பு உயர்ந்து வருகின்றது. கரோல் ஷெல்பி என்னும் அமெரிக்கர் 1962இல் ஏ.சி. ஏஸ் என்ற சிறிய ஆங்கிலேய வண்டியில் போர்ட் நிறுவனத்தின் எட்டுச் சிலிண்டர் எஞ்சினைப் பூட்டிக் கோப்ராவை ஆக்கினார். கோப்ரா இனமே ஒரு மாற்றத்திற் பிறந்தது என்பதைக் கவனிக்க. அவர் செய்த முதல் வண்டியைப் பல வண்டிகள் உள்ளன போலத் தோற்றுவதற்காக, ஒவ்வொரு பத்திரிகைக்கும் வெவ்வேறு வர்ணம் பூசிக் காட்டினாராம். 2012இல் இறக்கும்வரை அதனைத் தம்மிடமே வைத்திருந்தார். தேய்ந்தும் வெடித்தும் இருந்த அவ்வண்டியை யாரும் புதுப்பிக்கவில்லை. 2016ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் நடைபெற்ற ஏலத்திலே அது 1 கோடி 37 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்கு விலைபோயிற்று.

இவற்றுக்கெல்லாம் மாறாக நிற்பதும் ஒன்றுண்டு. 2009 முதல் கலிபோர்னியாவிலே சிங்கர் என்னும் நிறுவனம், 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் செய்யப்பட்ட போர்ஷே 911 வண்டிகளை முற்றாகப் பிரித்து, உடலையும் எஞ்சினையும் தன் விருப்பப்படி மீள அமைத்து விற்கின்றது. மூலவடிவம் குலைந்தாலும், அவற்றின் விலை கைபடாத அதே வகை வண்டியின் விலையைவிடப் பன்மடங்கு உயர்ந்து நிற்கின்றது. செய்த கை புகழ்பெற்றது, வேலை அரியது, எண்ணிக்கை சிறியது என்பன இதற்குக் கூறப்படும் காரணங்கள். எனினும் அவற்றுள் மிக மூத்தவையும் இன்னும் இருபது ஆண்டைத் தாண்டவில்லை. கூரை வெட்டப்பட்ட டேட்டோனாக்களுக்கும் முதல் இருபது ஆண்டுகளில் வாங்குவோர் வரிசையில் நின்றார்கள்.