வாயு என்று நாமே தீர்ப்புச் சொல்லலாமா?

"மார்பு அடைக்கிற மாதிரி இருக்கிறது, வாயுதான் போலும்" என்று சொல்லி ஓமமோ, சுக்கோ, ஈனோவோ, சோடாவோ கேட்டு வருபவர்கள் மளிகைக் கடைக்குப் புதியவர்கள் அல்லர். வைத்தியரிடம் போகுமுன் நம் கடைப் படிதான் பலருக்கு முதல் படி. ஆகவே திருப்புட்குழி, பாலுசெட்டி சத்திரம் வட்டார வணிக அன்பர்கள் இது குறித்துச் சற்று விவரமாக அறிந்திருப்பது அவசியம்.

மார்பு வலியெல்லாம் மாரடைப்பு அல்ல. நேரந்தவறிச் சாப்பிட்டு உடனே படுத்தால், புளித்த ஏப்பத்துடன் தொண்டை வரை எரியும். அது அமிலத்தின் வேலை. (பிற்பகல் மூன்று மணிக்குச் சாப்பிடும் நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை!) மூட்டை தூக்கியவருக்கும், நாள் முழுதும் தறியில் உட்கார்ந்தவருக்கும் தசை பிடித்திருக்கலாம், விரலால் அழுத்தினால் அந்த இடம் வலிக்கும். சளி, காய்ச்சலுடன் மூச்சிழுக்கையில் குத்தினால் நுரையீரலைப் பார்க்க வேண்டும். மனக்கலக்கமும் மார்பைப் பிடிக்கும்.

இதயத்தின் வலி வேறு மாதிரி. குத்துவதை விட, பாரம் வைத்து அழுத்துவது போலிருக்கும். இடது கை, தாடை, முதுகு, மேல்வயிறு என்று பரவலாம். நடந்தால் வந்து, நின்றால் சில நிமிடங்களில் அடங்கினால் இரத்தக் குழாய் சுருங்கியிருக்கிறது என்று பொருள். விரைவில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஓய்விலும் அடங்காமல் குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், வாந்தி சேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது. மாரடைப்பிலும் ஏப்பம் வரும். ஏப்பம் விட்டதும் சற்று இதமாகத் தோன்றும். பலரை ஏமாற்றுவது இதுவே. சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் வெறும் களைப்பும் மூச்சிரைப்புமாகவும் வரலாம்.

இரத்தக் குழாயில் கட்டி அடைத்தால், அதை நம்பியுள்ள இதயத் தசை சிறிது சிறிதாகச் சாகிறது. மரகதவல்லித் தாயார் சந்நிதியில் வறுத்த பயறும் முளைக்கும் என்பது நம் ஊர் நம்பிக்கை. செத்த இதயத் தசை முளைப்பதில்லை. நம்மவர்களோ "லோடு இறங்கட்டும்", "கல்லாவை யாரிடம் விட்டுப் போவது" என்று உட்கார்ந்து விடுகிறார்கள். ஒரு நாள் வியாபாரத்துக்காக இப்படிச் செய்வது எந்தக் கணக்கில் சேரும்?

செய்ய வேண்டியது, 108க்குப் போன் செய்வது. தமிழ்நாட்டில் 2008 முதல் இச்சேவை இலவசம். தானே வண்டி ஓட்டிப் போகக் கூடாது; உட்கார வைக்க வேண்டும். 2023 ஜூனில் அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டப்படி ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் தவணை மாத்திரைகள் கொடுத்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும், வலி நீடித்தால் மறுபடி எடுக்கச் சொல்லலாம். இரத்தப் பரிசோதனையும் உண்டு. ஆஸ்பிரினை நாமாகக் கொடுப்பது வேண்டாம். குடல் புண், ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது ஆகாது. 108இல் பேசுபவர் சொன்னால் கொடுக்கலாம்.

நினைவிழந்து மூச்சும் நின்றால், நெஞ்சின் நடுவில் இரு கைகளாலும் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, இரண்டங்குல ஆழத்துக்கு அழுத்திக் கொண்டே இருக்க வேண்டும், வண்டி வரும் வரை.

கல்லாவின் மேல் 108 என்று எழுதி ஒட்டி வையுங்கள். அவசரத்தில் கடைச் சாவியை யார் வாங்கிக் கொள்வது என்பதையும் பக்கத்துக் கடைக்காரரிடம் இன்றே பேசி வைத்துக் கொள்ளுங்கள்.