மாத்திரையும் நம்பிக்கையும்

நீரிழிவுக்கு மருந்து உண்டு. அதை விடாமல் உண்ண மனம் உண்டா? இக்கேள்வியையே இன்று உங்களோடு ஆராய விரும்புகிறேன்.

மீஞ்சூருக்கு வடக்கே, பழவேற்காடு ஏரியை ஒட்டிய மீனவர் குப்பங்களில் முதியோர் பலரோடு நான் பேசியிருக்கிறேன். தமிழக அரசு 2021ஆம் ஆண்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம் நீரிழிவு மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு சேர்த்தது. ஆயினும், வாசலுக்கு வந்த மாத்திரை யாவும் வயிற்றுக்குள் சென்றுவிடுவதில்லை. “மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்” என்பார் ஒருவர். “ஊசி போட்டால் ஆயுள் முடிந்தது” என்பார் மற்றொருவர்.

இவற்றை வெறும் அறியாமை என்று ஒதுக்குதல் முறையன்று. இவை கண்ணால் கண்டதிலிருந்து பிறந்த எண்ணங்கள். இரத்தத்தில் சர்க்கரை பல்லாண்டுகள் மிகுந்திருந்தால், சிறுநீரகத்தின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதடைகின்றன. அதே ஆண்டுகளில்தான் நோயாளி மாத்திரையும் உண்கிறார். சர்க்கரை கண்ணுக்குத் தெரிவதில்லை, மாத்திரை தெரிகிறது. பழியும் அதன்மேலேயே விழுகிறது. ஊசியின் கதையும் இதுவே. நோய் முற்றிய பின் இன்சுலினைத் தொடங்கினால், ஊசியும் சாவும் அடுத்தடுத்து வந்தனபோல் தோன்றும். காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்!

உண்மை வேறு. 1922ஆம் ஆண்டு ஜனவரியில், கனடாவின் டொரண்டோ நகரில், சாகுந்தறுவாயில் இருந்த 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். சர்க்கரையை நன்கு கட்டுப்படுத்தினால் கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் நேரும் கேடு குறைகிறது என்பதை, 1998இல் வெளியான பிரிட்டிஷ் ஆராய்ச்சி ஐயமற நிறுவிற்று.

“கசப்பு இனிப்பை முறிக்கும்” என்று பாகற்காயை மட்டுமே நம்புவோரும் உளர். நீரிழிவின் கோளாறு நாவின் சுவையில் இல்லை. இன்சுலின் சுரப்பதிலும் அது உடலில் செயற்படுவதிலும் இருக்கிறது. பாகற்காய் நல்ல கறி, மருந்துக்கு மாற்றன்று.

ஆனால், ஓர் அச்சத்தில் நியாயம் உண்டு. சிலவகை மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்கின்றன. அவற்றை விழுங்கிவிட்டு, வெறும் வயிற்றோடு விடியுமுன் படகேறினால், சர்க்கரை அளவுக்கு மீறித் தாழும். வியர்க்கும், கை நடுங்கும், மயக்கமும் வரலாம். இதற்கு வழி மாத்திரையை எறிவதன்று. தொழில் நேரத்தையும் உணவு நேரத்தையும் மருத்துவரிடம் சொன்னால், அவர் மருந்தையோ வேளையையோ மாற்றித் தருவார்.

கவனிக்க வேண்டியது இன்னொன்று: கால். நீரிழிவால் நரம்பு மரத்தவர் வெறுங்காலோடு ஏரியில் இறங்கும்போது, சிப்பி ஓடு கிழித்தாலும் வலி தெரியாது. தெரியாத புண் புரையோடிக் காலையே இழக்கச் செய்யலாம்.

மாணவர்களே! உங்கள் வீட்டுப் பெரியவர் மாத்திரையை நிறுத்திவிட்டால், கடிந்து பேசாதீர்கள். “ஏன் நிறுத்தினீர்கள், தாத்தா?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் காரணத்தை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். மாலைதோறும் அவருடைய உள்ளங்கால்களைப் பாருங்கள். நீங்கள் கற்ற கல்வி முதலில் பயன்பட வேண்டிய இடம் அதுவே.